எத்தனை டன், எந்தத் தேதி வரை?

2019 நவம்பர் வரை காஞ்சிபுரம் மாவட்டத்துக்கும் கடற்கரை இருந்தது. செங்கல்பட்டு தனி மாவட்டமானபோது கோவளம், மாமல்லபுரம், சதுரங்கப்பட்டினம் எல்லாம் அந்தப் பக்கம் போய்விட்டன. பட்டுக்கும் கோயிலுக்கும் பேர்போன ஊரில் மீன் சாப்பிடுகிறவர்கள் அதனால் குறைந்துவிடவில்லை. நள்ளிரவு தாண்டியதும் குட்டி யானை வண்டிகள் எழுபது கிலோமீட்டருக்கு அப்பால், சென்னை காசிமேட்டுக்குக் கிளம்புகின்றன. அப்படி ஒரு வண்டியில் நானும் ஏறிக்கொண்டேன்.

வண்டிக்காரர் நெசவாளர் வீட்டுப் பிள்ளை. அப்பா கடைசிவரை தறியை விடவில்லை. இவர் இளம் வயதிலேயே மீனுக்கு வந்துவிட்டார். வஞ்சிரத்தின் செவுளைத் தூக்கி ஒரு பார்வை, அடிவயிற்றில் விரலால் ஓர் அழுத்தல், அவ்வளவுதான்: வாங்குவதா வேண்டாமா என்று முடிவாகிவிடுகிறது.

விடிவதற்கு வெகுநேரம் முன்பே ஏலம் சூடுபிடித்திருந்தது. விசைப்படகுகள் ஒன்றையொன்று ஒட்டி நிற்க, கடைசிப் படகின் மீன்கூடை நான்கைந்து படகுகளைத் தாண்டிக் கைமாறிக் கரையேறுகிறது. ஐஸ் உடைக்கும் இயந்திரத்தின் இரைச்சலில் ஏலக்காரர் தொண்டை கிழியக் கத்துகிறார். வியாபாரிப் பெண்கள் கூடைக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்து விலையை இறக்கப் பார்க்கிறார்கள். எல்லாருடைய காலுக்கும் கீழே இருப்பது ஒரு கான்கிரீட் மேடை.

அதன் பழைய பகுதியில், விளிம்பு உதிர்ந்து கம்பி தெரிகிற இடத்தில், இரண்டு பீப்பாய்களை நிறுத்திக் கயிறு கட்டியிருந்தார்கள். சுமைதூக்குபவர்கள் குனிந்து கயிற்றைத் தாண்டிப் போய்வந்துகொண்டிருந்தார்கள். அவர்களுடைய படகு அங்கேதான் கட்டியிருக்கிறது. வேறு எங்கே இறக்குவது?

“மனுசன் நடந்தா ஒண்ணும் ஆவாது சார். ஐஸ் லாரி வந்தா மட்டும் தரை அதிரும். காலுக்குத் தெரியும்” என்றார் அவர்களில் மூத்தவர். பொறியாளர்கள் இதையே வேறு வழியில் கண்டுபிடிக்கிறார்கள். சுத்தியலால் தட்டினால் நல்ல கான்கிரீட் கணீரென்று ஒலிக்கும். உள்ளே பிளந்தது பொத்தென்று ஒலிக்கும். கடல்நீரின் உப்பு மெல்ல ஊறிக் கம்பியைத் தொட்டதும் துரு பிடிக்கிறது. துரு இரும்பைவிடப் பல மடங்கு இடத்தை அடைப்பதால் கான்கிரீட்டை உள்ளிருந்து பிளக்கிறது. நனைவதும் காய்வதுமாக இருக்கும் அலையடி மட்டத்தில்தான் சேதம் வேகமாகப் பரவும். மேடைமேல் நிற்பவருக்கு அந்த இடம் கண்ணில் படாது.

அதனால் கயிறு கட்டியதைக் குறை சொல்ல முடியாது. புதுச்சேரியின் பழைய துறைமுகப் பாலத்தில் ஒரு பகுதி 2022 மார்ச்சில் கடலில் சரிந்தது. திருவனந்தபுரம் வலியதுறையில் 1956-ல் எழுந்த கடல்பாலம் 2021-ல் தாழ்ந்தது, ஆட்கள் ஏறத் தடை வந்தது. 2024 மார்ச்சில் இரண்டாகப் பிரிந்தது. தடை சரிதான். ஆனால் மழைக்காலத்தில் கரையோர அலையைத் தாண்ட முடியாத மீனவர்கள் அந்தப் பாலத்திலிருந்து கட்டுமரத்தோடு கடலில் குதித்துத்தான் தொழிலுக்குப் போய்க்கொண்டிருந்தார்கள். சுற்றுலா வந்தவருக்கு ஒரு மாலைப்பொழுது போயிற்று. மீனவருக்கு ஒரு பருவமே போயிற்று.

1914-ல் திறந்த பழைய பாம்பன் ரயில் பாலத்தில் 2022 டிசம்பரில் ரயிலை நிறுத்தினார்கள். 2025 ஏப்ரலில் புதுப் பாலம் வரும்வரை பயணிகள் மண்டபத்தில் இறங்கி, பக்கத்திலேயே இருக்கும் சாலைப் பாலம் வழியாக ராமேசுவரம் போனார்கள். மீன் இறங்குதளத்துக்கு அப்படி ஒரு மாற்றுவழி கிடையாது.

பழுதுபார்க்க ஏற்ற காலம் எது? ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம் என்றுதான் யாருக்கும் தோன்றும். வலையைச் சரிசெய்துகொண்டிருந்த ஒருவர் தலையை ஆட்டி மறுத்தார். “அப்பதான் எல்லா போட்டும் கரையில நிக்கும். மேடையில ஒரு சாண் இடம் இருக்காது.” பகுதி பகுதியாக மூடி, அங்கே நிற்கும் படகுகளுக்கு முதலிலேயே வேறு இடம் ஒதுக்கினால்தான் வேலை நடக்கும் என்பது அவர் கணக்கு.

யாரை உள்ளே விடுவது என்பதும் இதோடு சேர்ந்ததுதான். 2020 கொரோனா நாட்களில் இங்கே சில்லறைக்கு வாங்க வந்தவர்களை நிறுத்தி, மொத்த வியாபாரிகளை மட்டும் விட்டார்கள். கூட்டம் குறைந்தது, கூடை இறக்கும் வேலை நிற்கவில்லை. ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தை விளிம்பிலிருந்து தள்ளி நிறுத்துவதும், ஐஸ் லாரியைப் பின்னால் நிறுத்திக் கைவண்டியில் கொண்டுவருவதும் அதே வழிதான். ஆளைத் தடுப்பதற்கு முன் எடையைத் தடுக்கலாம்.

“உள்ளே வராதேன்னு மட்டும் போர்டு வைக்கிறாங்க. எத்தனை டன் தாங்கும், எந்தத் தேதி வரைக்கும்னு எழுதினா நாங்களே லாரியை நிறுத்திடுவோம்” என்றார் மூத்த சுமைதூக்குபவர். காஞ்சிபுரத்து வண்டிக்காரர் அதோடு இன்னொன்றும் கேட்டார்: எந்தப் பகுதியை மூடப்போகிறார்கள் என்பது முந்தின நாளே தெரிய வேண்டும். தெரிந்தால் அன்றைக்கு அவர் காசிமேட்டுக்குப் பதில் பழவேற்காட்டுக்கு வண்டியை விடுவார்.