ரோஜாப் படமும் அறிவிப்பாளர் தொடரும்



செந்நிற இதழ்கள் விரிந்த ரோஜாவைப் போன்றதொரு விண்வெளிப் படம் நம் வாட்ஸ்அப் குழுக்களில் பல்லாண்டுகளாக வலம்வருகிறது. ஸூரத்துர் ரஹ்மானின் 37ஆம் வசனம் கூறும் காட்சியை நாஸா படம் பிடித்துவிட்டது என்பது அதன் கீழுள்ள வாசகம். சென்ற மே மாதம் அது நம் மதரஸாவின் பெற்றோர் குழுவிற்கும் வந்து சேர்ந்தது. பத்தாம் வகுப்பை முடித்திருந்த மாணவர் ஒருவர், "ஹஜ்ரத், இது நம்ம டெலஸ்கோப்புல தெரியுமா?" என்று கேட்டார்.

தெரியும். அதன் பெயர் பூனைக்கண் நெபுலா. ஏறத்தாழ 3,000 ஒளியாண்டுத் தொலைவில், ஆயுளின் இறுதியை எட்டிய ஒரு விண்மீன் உதறிய வாயுப் போர்வை அது. 1786இல் வில்லியம் ஹெர்ஷல் அதைக் கண்டார். 1864இல் வில்லியம் ஹக்கின்ஸ் அதன் ஒளியைப் பிரித்தாய்ந்து, அது விண்மீன் கூட்டமன்று, வாயுவே என நிறுவினார்.

மே மாதத்தில் தஹஜ்ஜுத் வேளையில் அது நம் வடவானில் சுமார் 36 பாகை உயரத்தில் நிற்கும். ஊரப்பாக்கத்தில் வடக்கு என்றாலே கிளாம்பாக்கம் பேருந்து முனையத்தின் வெளிச்சமும், அதற்கப்பால் சென்னையின் வெளிச்சமும்தாம். ஆண்ட்ரோமெடா போன்ற அகன்ற மங்கல் பொருள்கள் இத்தகைய வெளிச்சத்தில் கரைந்துவிடும். பூனைக்கண்ணோ மிகச் சிறியது, ஒளி செறிந்தது. ஆதலால் தப்பிவிடுகிறது.

மொட்டை மாடியில் ஆறு அங்குலத் தொலைநோக்கியை வைத்து, மூன்று மாணவர்களோடும் ஒருவரின் தந்தையோடும் தேடினோம். அகப்பட அரை மணி நேரமாயிற்று. ரோஜா இல்லை, இதழ் இல்லை. நீலப்பச்சையில் ஒரு சிறு பொட்டு. ஆக்ஸிஜன் உமிழும் நிறம் அது. கண்வில்லையில் கைப்பேசியைப் பொருத்தி, ஒரு விநாடிக்கும் குறைவான படங்களாக நூறு எடுத்துக் கணினியில் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினோம். நூறு படங்களை அடுக்கினால் புள்ளியிரைச்சல் பத்தில் ஒரு பங்காகக் குறையும். அப்போதும் அதே நீலப்பச்சைதான், சற்றே தெளிவாக.

"அப்ப அந்த ரோஜா பொய்யா ஹஜ்ரத்? வசனம்?" என்றார் அந்த மாணவர். அவர் குரலில் இருந்த தயக்கத்தை அவருடைய தந்தையும் கவனித்தார்.

படம் பொய்யன்று. 1994இல் ஹபிள் தொலைநோக்கி எடுத்தது; மேரிலாந்துப் பல்கலைக்கழகத்தின் ஹாரிங்டன், போர்கோவ்ஸ்கி ஆகியோரின் ஆய்வு. ஹைட்ரஜன், ஆக்ஸிஜன், நைட்ரஜன் ஆகியவற்றின் ஒளியைத் தனித்தனி வடிகட்டிகளில் பதிந்தனர். கண்ணுக்கு அம்மூன்றுமே சிவப்பு ஒளிகள். பிரித்தறிவதற்காக ஒன்றிற்குச் சிவப்பும், ஒன்றிற்கு நீலமும், ஒன்றிற்குப் பச்சையும் ஆய்வாளர்களே சூட்டினர். அவர்கள் அதை மறைக்கவுமில்லை. பிழை, பின்னர் யாரோ ஒட்டிய வாசகத்தில் இருக்கிறது. அவ்வசனம் பேசுவது கியாமத் நாளின் வானத்தைப் பற்றி. என்றோ இறந்துகொண்டிருக்கும் ஒரு விண்மீனைப் பற்றியன்று. இறைவசனத்தை நிறமூட்டிய படத்தின்மீது சாய்த்து வைத்தால், படத்தின் கதை வெளிப்படும் நாளில் பிள்ளை எதைச் சந்தேகிப்பான்?

ஹதீஸ் என்றால் அறிவிப்பாளர் தொடரைக் கேட்கிறோம். படத்திற்கு மட்டும் கேட்பதில்லை. செய்தியை விசாரிக்கும்படி ஸூரத்துல் ஹுஜுராத் இட்ட கட்டளையில் படங்களுக்கு விலக்கு இருப்பதாக நாம் படித்ததில்லை. 964ஆம் ஆண்டளவில் விண்மீன் நூலை எழுதிய அப்துர் ரஹ்மான் அஸ்ஸூஃபி, தாலமியின் பட்டியலை அப்படியே பெயர்த்தெழுதவில்லை. விண்மீன்களின் ஒளியைத் தம் கண்ணால் மீண்டும் மதிப்பிட்டார். ஆண்ட்ரோமெடாவைச் சிறு மேகமென்று குறித்தவரும் அவரே. தொலைநோக்கி பிறப்பதற்கு ஆறு நூற்றாண்டுகளுக்கு முன்!

அன்று ஃபஜ்ருக்குப் பின் அந்தத் தந்தையே பெற்றோர் குழுவில் ரோஜாப் படத்தின் விவரங்களை எழுதினார். இரண்டு பேர் வருத்தப்பட்டனர். ஒருவர் குழுவை விட்டு வெளியேறினார். மாணவர்கள் தம் நீலப்பச்சைப் பொட்டை அதன் கீழே பதிந்தனர்: "எடுத்த இடம் ஊரப்பாக்கம். கருவி ஆறு அங்குலத் தொலைநோக்கி, கைப்பேசி. அடுக்கியவை நூறு படங்கள். நிறம் மாற்றப்படவில்லை."