பட்டமா, மயக்கமா?

சென்னையில் ஒரு நேர்காணல். ‘எந்த வருஷம் தம்பி பாஸ் அவுட்?’ ‘ட்வென்டி த்ரீ சார்.’ கேட்டவருக்கும் குழப்பமில்லை, சொன்னவருக்கும் குழப்பமில்லை. அதே பையன் அமெரிக்க நிறுவனத்துக்கு அனுப்பும் விண்ணப்பத்தில் ‘கல்லூரியில் பாஸ் அவுட் ஆனேன்’ என்று எழுதினால் படிப்பவர் புருவம் உயரும். அங்கே அது நினைவு தப்பி விழுவது. அளவுக்கு மீறிக் குடித்துவிட்டு சோபாவில் சரிவதும் அதில் சேர்த்தி.

நம் ஊர் வேலை விளம்பரங்களில் அது பெயர்ச்சொல்லாகவே ஆகிவிட்டது: ‘2024 பாஸ் அவுட் மட்டும் விண்ணப்பிக்கவும்.’ ஆங்கில வாத்தியார்கள் சிவப்பு மையால் அடிப்பார்கள். அடிக்கட்டும். ஆனால் இதை அப்படியே இந்தியப் பிழை என்று தள்ளிவிட முடியாது. ராணுவப் பயிற்சியை முடித்து வெளியேறுவதற்கு பிரிட்டிஷ் அகராதிகளே இச்சொல்லைத் தருகின்றன.

பரங்கிமலையில் 1963-ல் தொடங்கிய அதிகாரிகள் பயிற்சி அகாடமியில் நடக்கும் நிறைவு அணிவகுப்புக்குப் பெயரே பாஸிங் அவுட் பரேடுதான். அது முடிந்ததும் பெற்றோர் வந்து பிள்ளையின் தோளில் நட்சத்திரத்தைக் குத்திவிடுவார்கள். பரம்வீர் சக்கரம் பெற்ற மேஜர் ராமசாமி பரமேஸ்வரன் 1972-ல் பாஸ் அவுட் ஆனது அங்கிருந்துதான். அதை யாராவது மயக்கம் என்று படிப்பார்களா?

வேடிக்கை என்னவென்றால், இரண்டு பொருளும் ஒரே மைதானத்தில் சந்திப்பதுண்டு. வெயிலில் அசையாமல் நின்றால் ரத்தம் காலில் தேங்கும், மூளைக்குப் போவது குறையும், ஆள் சாய்ந்துவிடுவார். 2023 ஜூனில் லண்டனில் இளவரசர் வில்லியம் பார்வையிட்ட அணிவகுப்பு ஒத்திகையில், கம்பளிச் சட்டையும் கரடித்தோல் தொப்பியுமாக நின்ற காவல் வீரர்கள் சிலர் அப்படித்தான் விழுந்தார்கள். டிராம்போன்காரர் ஒருவர் விழுந்த வேகத்தில் எழுந்து மறுபடி வாசிக்கப் பார்த்தார்!

வகுப்பில் வினாத்தாள்களை வினியோகிப்பதற்கும் அமெரிக்கர்கள் இதையே சொல்வார்கள். அதற்கு மட்டும் செயப்படுபொருள் வேண்டும். பட்டத்துக்கும் மயக்கத்துக்கும் வேண்டாம். வம்பே அங்குதான். சுற்றியுள்ள சொற்களைப் பார்த்துத்தான் எது என்று பிரிக்க வேண்டும்.

ஆகவே உள்ளூரில் தாராளமாக பாஸ் அவுட் ஆகுங்கள். கடல் கடக்கும் விண்ணப்பத்தில் மட்டும் ‘கிராஜுவேட்டட்’ என்று எழுதிவிடுங்கள்.