ஒரே வயித்துல பொறந்தும் ஏன் பொருந்தல? ஒரு மீன் கதை

1/ "ஒரே வயித்துல பொறந்த புள்ளைங்கதானே டாக்டர், எப்படி ஒத்துப்போகாம இருக்கும்?"

எலும்பு மஜ்ஜை மாற்று சிகிச்சைக்குக் காத்திருக்கும் ஒரு பையனோட அம்மா கேட்டது. அவனுக்கு ஒரே ஒரு அக்கா. ஹெச்எல்ஏ பரிசோதனையில பொருந்தல.

2/ "உங்க தப்பு இல்லம்மா. கூடப்பிறந்தவங்க முழுசா பொருந்த நாலுல ஒரு வாய்ப்புதான்"னு சொன்னேன். அவங்க விடல. "ஏன் சார் இப்படிப் படைச்சிருக்கான்?" அப்போ எனக்கு ஒரு மீன் ஞாபகம் வந்துச்சு.

3/ ஹெச்எல்ஏ ஒரு தட்டு மாதிரி. கிருமியோட துண்டை அதுல வெச்சு டி செல்கள்கிட்ட காட்டும். ஒரு வகைத் தட்டுல சில துண்டுகள்தான் உட்காரும். மீன்களுக்கும் இதே மரபணுக் குடும்பம் உண்டு. பொதுப்பெயர் எம்ஹெச்சி.

4/ ஸ்டிக்கிள்பேக்னு ஒரு மீன். விரல் நீளம்கூட இருக்காது, முதுகுல மூணு முள். வட ஜெர்மனியில ப்ளோன் நகர மாக்ஸ் பிளாங்க் நிறுவனத்துல இதை வருஷக்கணக்கா ஆராய்ஞ்சாங்க. அங்க ஏரி மீன்களுக்கு ஆத்து மீன்களைவிட ஒட்டுண்ணித் தொல்லை அதிகம். எம்ஹெச்சி வகைகளும் ஏரி மீன்கள்லதான் அதிகம்.

5/ அப்போ தட்டு கூடக்கூட நல்லதா? அதுதான் இல்ல. 2003-ல் சயின்ஸ் இதழில் வந்த அவங்க ஆய்வுல, மூணு வகை ஒட்டுண்ணிகளைக் கொடுத்துப் பார்த்தப்போ, குறைவாவும் இல்லாம அதிகமாவும் இல்லாம நடுத்தரமா வகைகள் வெச்சிருந்த மீன்கள்தான் நல்லா தாங்குச்சு.

6/ தட்டு ரொம்ப அதிகமானா, சொந்த உடம்பையே தாக்கக்கூடிய டி செல்களும் அதிகமாகும். அவற்றை உடம்பே களையெடுக்கும்போது பயனுள்ளதும் சேர்ந்து போயிடும் என்பது இதுக்குச் சொல்லப்படும் விளக்கம்.

7/ ஆக எந்த மீனும் எல்லாத்தையும் சுமக்க முடியாது. ஊர்ல நிறைய பேர்கிட்ட இருக்கிற வகையை ஏமாத்த ஒட்டுண்ணி பழகிடும். அப்போ அரிதான வகை வெச்சிருக்கிறது பிழைச்சு முட்டை போடும். நாளைக்கு அதுவே பெருகினா, ஒட்டுண்ணி அதையும் துரத்தும். அதனாலதான் இத்தனை வகை அழியாம இருக்கு.

8/ மனுஷங்ககிட்ட ஹெச்எல்ஏ வகைகள் ஆயிரக்கணக்கில் இருக்கிறதுக்கும் கிருமிகளோட நடந்த இதே சண்டை ஒரு முக்கியக் காரணம். அக்காவும் தம்பியும் வேற வேற தட்டு வாங்கி வந்தது குறை இல்ல. மஜ்ஜை மாத்துறதுதான் புதுசு.

9/ இதைச் சுருக்கிச் சொன்னேன். அந்தம்மா கண்ணைத் துடைச்சுக்கிட்டு, "அப்போ வேற யார்கிட்டயாவது இருக்குமா சார்?"னு கேட்டாங்க.

இருக்கலாம். தேடிக்கிட்டிருக்கோம். கொடையாளரா பதிவு பண்ண, கன்னத்தோட உட்புறம் பஞ்சுக் குச்சியால தடவி எடுத்தா போதும். யோசிங்க மக்களே.