போருக்குப் புறப்பட்ட நந்தி

சென்னையின் மேற்குப் புறநகரில் வசிப்பவர்களுக்கு ஆவடி என்றதும் முதலில் நினைவுக்கு வருவது டாங்கிதான். இரண்டாம் உலகப் போர்க் காலத்திலேயே ராணுவக் கிடங்குகள் அமைந்த ஊர் அது. சுதந்திரத்துக்குப் பின் அங்கே கனரக வாகனத் தொழிற்சாலை எழுந்தது. 1965-ஆம் ஆண்டில் ‘விஜயந்தா’ என்ற டாங்கி அங்கிருந்து வெளிவந்தது. அதன் பிறகு வந்தவற்றுக்கு அஜேயா, அர்ஜுன், பீஷ்மா என்று திருநாமங்கள் சூட்டினார்கள். குருக்ஷேத்திரத்தில் எதிரெதிர் அணியில் நின்ற பாட்டனாரும் பேரனும் இன்று ஒரே படையில் இருக்கிறார்கள் என்று நாங்கள் வேடிக்கையாகப் பேசிக்கொள்வதுண்டு.

அந்த ஆவடியிலிருந்து கிழக்கே, அம்பத்தூருக்குப் போகும் வழியில் இருக்கிறது திருமுல்லைவாயில். சீர்காழிக்கு அருகிலும் இதே பெயரில் ஒரு தலம் இருப்பதால், இதனை வட திருமுல்லைவாயில் என்று வழங்குவர். சுவாமி மாசிலாமணீஸ்வரர், அம்பிகை கொடியிடை நாயகி. பௌர்ணமியும் வெள்ளிக்கிழமையும் கூடும் நாளில் மேலூரில் திருவுடை அம்மனையும், திருவொற்றியூரில் வடிவுடை அம்மனையும் தரிசித்துவிட்டு, மாலையில் இந்த அம்பிகையின் சந்நிதிக்கு வந்து சேரும் வழக்கத்தை இந்த வாரப் பத்திரிகையின் வாசகர்கள் அறிவார்கள். ஆகவே அதனை விரித்துரைக்காமல், பலரும் கண்டும் காணாமல் கடந்துபோகும் நந்தியெம்பெருமானைப் பற்றி எழுத விரும்புகிறேன்.

சிவாலயங்களில் நந்தி சுவாமியையே பார்த்தபடி இருப்பார். அவருடைய இரு கொம்புகளுக்கிடையே சிவலிங்கத்தைத் தரிசிப்பது நம் வழக்கம். திருமுல்லைவாயிலில் அது நடவாது. சுவாமியும் கிழக்கு நோக்கியவர். நந்தியும் கிழக்கு நோக்கியவர். அதாவது, இறைவனுக்கு முதுகு காட்டி, வெளியே பார்த்துக்கொண்டிருக்கிறார். முதன்முறை வருகிறவர்கள் சற்றுத் திகைத்து நிற்பதை நான் பலமுறை கண்டிருக்கிறேன்.

காரணத்தைத் தலபுராணம் சொல்கிறது. புழல் கோட்டையிலிருந்து ஆண்டுவந்த குறும்பர்கள் மக்களுக்குத் துன்பம் இழைத்தனர். அவர்களை அடக்கப் புறப்பட்ட தொண்டைமான் முதற்போரில் வெல்ல முடியாமல் பின்வாங்கினான். முல்லைக் காடாகக் கிடந்த இவ்விடத்தில் அவனுடைய யானையின் காலில் முல்லைக்கொடிகள் பின்னிக்கொண்டன. யானை நகரவில்லை. மன்னன் மேலிருந்தபடியே வாளால் கொடிகளை வெட்டினான். ஒரு வெட்டில் கொடிக்கு அடியிலிருந்து குருதி பெருகியது. இறங்கி விலக்கிப் பார்த்தால் அங்கே சிவலிங்கம். அதன் உச்சியில் வாள் பட்ட காயம்.

பதறிய மன்னன் அதே வாளைத் தன் கழுத்தில் வைத்தான். அப்போது இறைவன் காட்சி தந்து அவனைத் தடுத்தார். வெட்டுண்டாலும் தமக்கு மாசில்லை என்று கூறி மாசிலாமணி என்னும் பெயரையும் தாமே ஏற்றார். அத்துடன் அவனுக்குப் படைத்துணையாக நந்தியையும் அனுப்பினார். தொண்டைமான் குறும்பரை வென்று, அவர்கள் கோட்டையிலிருந்த வெள்ளெருக்குத் தூண்களைக் கொண்டுவந்து சந்நிதியின் முன் நிறுத்தினான். அந்த இரு தூண்களையும் இன்றும் காணலாம். தொண்டைமானின் களிற்றை முல்லைக்கொடி கட்டிய செய்தியைச் சுந்தரமூர்த்தி சுவாமிகள் இத்தலத்துப் பதிகத்திலேயே குறிப்பிட்டிருக்கிறார். திருவொற்றியூரில் கண்ணொளி இழந்த பிறகு, வழி தெரியாத நிலையில் அவர் வந்தடைந்த தலம் இது. தாம் காயம் பட்டு நின்றபோது, காயம் பட்ட பெருமானின் சந்நிதிக்கு வந்திருக்கிறார்.

வங்கிப் பணியிலிருந்து ஓய்வுபெற்ற பிறகு பிற தேசத்துப் புராணங்களை வாசிக்கும் பழக்கம் எனக்கு ஏற்பட்டது. எல்லா நாட்டாரும் போருக்கென்று ஒரு தெய்வத்தை வைத்திருக்கிறார்கள். கிரேக்கர்களுக்கு ஏரஸ். ஹோமர் பாடிய இலியட் காவியத்தில், டயோமிடிஸ் என்னும் மானிட வீரனின் ஈட்டி ஏரஸின் வயிற்றில் பாய்கிறது. போர்த்தெய்வமே ஆயிரமாயிரம் வீரர் சேர்ந்து கத்தியதுபோல் அலறிக்கொண்டு, தந்தை ஜூஸிடம் ஓடி முறையிடுகிறது. ஜூஸோ, தேவர்களிலேயே எனக்கு மிகவும் பிடிக்காதவன் நீதான் என்று கடிந்துகொள்கிறார். பிறர் தெய்வத்தைக் குறைத்துப் பேசுவது என் நோக்கமன்று. அதே கிரேக்கர்கள் அறிவுக்கும் போருக்கும் சேர்த்து அதீனா என்ற தேவியைப் போற்றி, ஏதென்ஸ் நகரில் அவளுக்கு மாபெரும் ஆலயமும் எடுத்தவர்கள். எகிப்தில் செக்மெத் என்னும் சிங்கமுகத் தேவி உண்டு. மனிதரை அழிக்கத் தொடங்கியவளை நிறுத்த வழி தெரியாமல், சிவப்புச் சாயம் கலந்த மதுவைக் குருதியென்று எண்ணிப் பருகவைத்து உறங்கச் செய்தார்களாம்.

வடக்கு ஐரோப்பியர்களின் டீர் என்ற தெய்வம்தான் என்னை அதிகம் கவர்ந்தவர். உலகை அச்சுறுத்திய ஓநாயைக் கட்டிப்போட வேண்டியிருந்தது. யாராவது ஒருவர் பிணையாகத் தன் கையை என் வாயில் வைத்தால்தான் கட்டுப்படுவேன் என்றது ஓநாய். தேவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டிருக்க, டீர் முன்வந்து கையை வைத்தார். ஓநாய் கட்டுண்டது, கை போயிற்று.

ரோமானியரின் மார்ஸ் என்ற போர்த்தெய்வத்தின் பெயரைத்தான் செவ்வாய்க் கிரகத்துக்கு ஐரோப்பியர் சூட்டினார்கள். செவ்வாய்க்கிழமைக்கு லத்தீனில் மார்ஸின் பெயர். ஆங்கிலத்திலோ அந்த டீரின் பெயர். நமக்கு அந்த நாள் தேவசேனாபதியாகிய முருகனுக்கு உரியது. கடல்களுக்கு அப்பாலும் அதே கிழமை போர்த்தெய்வத்தின் கிழமையாக இருப்பதை அறிந்தபோது எனக்கு மெய்சிலிர்த்தது. திருமுருகாற்றுப்படை முருகனைக் கொற்றவையின் மைந்தன் என்கிறது. தாயும் மகனுமாகப் போர்த்தெய்வங்களைக் கொண்டவர்கள் நாம். ஆனால் திருச்செந்தூரில் முடிந்த போரில் சூரபத்மன் அழியவில்லை. மயிலாகவும் சேவலாகவும் பெருமானிடமே தங்கிவிட்டான்.

இனி, நான் பணியில் இருந்தபோது கண்டதைச் சொல்கிறேன். 1999-ஆம் ஆண்டு கார்கில் போர் நடந்த மாதங்களில் நான் ஆவடிப் பகுதிக் கிளை ஒன்றில் பணிபுரிந்தேன். ஐம்பது வயது மதிக்கத்தக்க ஓர் அம்மையார் வாரந்தோறும் வருவார். மகன் படையில் இருந்தான். அவனும் தாயும் சேர்ந்து வைத்திருந்த கணக்கு அது. பாஸ்புத்தகத்தை நீட்டி, “பணம் வந்திருக்கா சார்?” என்று கேட்பார். பணம் அவருக்குத் தேவைப்படவில்லை என்பது சில வாரங்களில் எனக்கு விளங்கிற்று. எடுக்கவே மாட்டார். வரவு பதிந்திருந்தால் மகன் நலம் என்று பொருள் கொண்டிருந்தார். சம்பளம் ராணுவக் கணக்கு அலுவலகத்திலிருந்து வருவது, அதற்கும் அந்தப் பிள்ளை அன்று எப்படி இருக்கிறான் என்பதற்கும் சம்பந்தமில்லை என்பது எனக்குத் தெரியும். நான் சொல்லவில்லை. சொல்லியிருக்க வேண்டுமா என்று இன்றும் தெளிவில்லை.

ஒரு நாள், “கோயிலுக்குப் போய் வேண்டிக்கொள்ளுங்கள் அம்மா” என்றேன். வேறென்ன சொல்வது?

“போய்ட்டுதான் சார் வரேன், முல்லைவாயிலுக்கு. சாமிகிட்ட ஒண்ணும் கேக்கல. நந்தி காதுலதான் சொன்னேன். அவருதானே சார் அந்தப் பக்கம் பாத்துக்கிட்டு இருக்காரு. அவருக்குத்தானே அங்க நடக்கிறது தெரியும்” என்றார்.

அதுவரை நந்தி திரும்பியிருப்பதன் காரணம் எனக்குத் தெரியாது. அவர்தான் தொண்டைமானின் வரலாற்றை முகப்பில் நின்றபடியே சொன்னார். பின்னால் வரிசையில் நின்றவர்கள் முணுமுணுத்தார்கள்.

ஆகஸ்ட் மாதம் முடியும் சமயத்தில் அவர் வருவது நின்றுவிட்டது. விசாரிக்க எனக்குத் துணிவு வரவில்லை. கணக்கை மட்டும் பார்ப்பேன்; வரவு பதிந்துகொண்டிருந்தது. அது எதையும் சொல்லாது என்பதை அறிந்த நானே அதைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

மாசிலாமணீஸ்வரரின் திருமேனியில் வாள் பட்டதால், குளிர்ச்சிக்காக ஆண்டு முழுவதும் சந்தனக்காப்பு சாத்தியிருப்பார்கள். சித்திரை மாதத்துச் சதய நட்சத்திரத்தன்று அதனைக் களைவார்கள். அன்றும் மறுநாளும் மட்டுமே காப்பில்லாத திருமேனியைத் தரிசிக்கலாம். 2000-ஆம் ஆண்டு சித்திரைச் சதயத்தன்று நான் என் மனைவியுடன் சென்றிருந்தேன். நல்ல கூட்டம். எங்களுக்கு முன்னால், சுமார் பத்துப் பேருக்கு அப்பால், அந்த அம்மையார் நின்றிருந்தார். பக்கத்தில் கட்டைமுடி வெட்டிய இளைஞன். வலக்கையைச் சட்டைக்குள் நுழைத்தாற்போல் மார்போடு சேர்த்து வைத்திருந்தான்.

சந்நிதியை நெருங்கியதும், “எங்கேம்மா வெட்டுப்பட்டது?” என்று அவன் கேட்டது எனக்குக் கேட்டது. தாய் விரல் நீட்டிக் காட்டினார். தீபாராதனையின்போது அவன் அந்தக் கையை வெளியே எடுத்தான். மூன்று விரல்கள் இல்லை. இருந்த இரண்டு விரல்களை இடக்கையுடன் சேர்த்துக் கும்பிட்டான்.

வெளியே வந்தபோது அம்மையார் என்னை அடையாளம் கண்டுகொண்டார். “புள்ளைய ஆஸ்பத்திரியில பாக்கப் போயிட்டேன் சார், அதான் பேங்குக்கு வரல” என்றார். பிறகு இருவரும் நந்தியிடம் சென்றார்கள். மகன் ஒதுங்கி நிற்க, அவர் குனிந்து நந்தியின் காதில் வெகுநேரம் பேசிக்கொண்டிருந்தார்.

தரிசிக்க விரும்புவோர் சென்ட்ரலிலிருந்து ஆவடி செல்லும் மின்சார ரயிலில் ஏறி, அம்பத்தூரை அடுத்த திருமுல்லைவாயில் நிலையத்தில் இறங்கி ஆட்டோவில் செல்லலாம். சித்திரைச் சதயத்தன்று வரிசை நீளும். முதியவர்கள் மறுநாள் காலையில் செல்வது நல்லது. அன்றும் காப்பில்லாத திருமேனிதான்.