துருவும் முத்திரையும்

பாலவாக்கத்தில் கடலுக்குக் கிட்டே குடியிருப்பவர்களுக்குத் துருவைப் பற்றி யாரும் உபதேசம் செய்ய வேண்டியதில்லை. ஜன்னல் கம்பி, சைக்கிள் சங்கிலி, கதவுத் தாழ்ப்பாள் என்று பாரபட்சமின்றி எல்லாவற்றையும் அரித்துத் தின்னும் உப்புக் காற்றுக்கு அஞ்சி, போலீஸ் இலாகாவின் ஆயுதப் பணிமனையில் ஆர்மரராக இருந்து ஓய்வு பெற்ற நானும் என் ஸ்குரூ டிரைவர்களையும் பித்தளைப் பிரஷ்களையும் எண்ணெய்த் துணியில் சுற்றித் தகர டப்பாவில் அடைத்தே வைத்திருக்கிறேன். வீட்டில் இருப்பவை இந்தக் கருவிகள் மட்டுமே, துப்பாக்கி கிடையாது. நம் ஆயுதச் சட்டத்தின்படி ‘த்ரீ நாட் த்ரீ’ (.303) துப்பாக்கி தனி மனிதர்களுக்கு விலக்கப்பட்ட ரகம். இங்கிலாந்திலும் ஆஸ்திரேலியாவிலும் உரிமம் பெற்ற பிரியர்கள் பூட்டிய பீரோக்களில் வரிசையாக வைத்து மகிழும் அந்தத் துப்பாக்கிக்கு நம் தேசத்தில் ஒரே சேகரிப்பாளர் சர்க்கார்தான். காட்சிக்கு வைப்பதற்காகப் பழைய துப்பாக்கி ஏதேனும் கிடங்கிலிருந்து வெளியே வரும்போது, அதைச் சீர்படுத்திக் கொடுக்க என்னைப் போன்ற பழைய ஆட்களைக் கூப்பிடுகிறார்கள், போய் வருகிறேன்.

ஸ்காட்லாந்தில் ஹாயிக் என்னும் ஊரில் 1831-ல் பிறந்து, கடல் கடந்து சென்று அமெரிக்காவில் பெயர் பெற்ற, இந்தத் துப்பாக்கியின் போல்ட்டை வகுத்த ஜேம்ஸ் பாரிஸ் லீ, கடிகாரத் தொழில் பழகியவர். போல்ட்டைப் பின்னால் இழுத்து முன்னே தள்ளும்போது அது வழுக்கிக்கொண்டு போகிற சுகத்தை அறிந்தவர்களுக்கு, அதை வகுத்தவர் கடிகாரக்காரர் என்பதில் ஆச்சரியம் தோன்றாது. பத்துத் தோட்டாக்கள் கொள்ளும் மேகசினோடு 1907-ல் மூன்றாம் மார்க்காக வெளிவந்த ரகமே நம் போலீஸ்காரர்களின் தோளில் அதிக காலம் கிடந்தது. கல்கத்தாவுக்கு அருகே ஹூக்ளி நதிக்கரையில் இச்சாப்பூர் தொழிற்சாலையில் அது லட்சக்கணக்கில் உருவாயிற்று. அதே அமைப்பின்மேல் செய்த .315 வேட்டைத் துப்பாக்கி லைசன்ஸ்தாரர்களுக்கும் கிடைத்தது.

இந்தத் துப்பாக்கியைப் பிரிப்பதற்கு ஒரு கிரமம் உண்டு; அதை மீறினவர்களின் கைவேலையைக் கிடங்குகளில் ஏராளமாகப் பார்த்திருக்கிறேன். பின்கட்டையைப் பாடியோடு பிணைக்கும் நீண்ட திருகாணியின் முனை சதுரமானது. அந்தச் சதுரம், முன்கட்டையின் பின்கோடியில் பதித்த ஒரு சிறு தகட்டின் இடுக்கில் தன்பாட்டுக்குத் தளர்ந்துவிடாதபடி அமர்ந்திருக்கும். இந்தச் சூட்சுமம் அறியாதவன், கண்ணுக்கு எளிதாகத் தெரிகிற பின்கட்டையை முதலில் கழற்ற நினைத்து, நீண்ட ஸ்குரூ டிரைவரை உள்ளே விட்டுப் பலங்கொண்ட மட்டும் திருகுவானாகில், திருகாணி திரும்ப, அதனோடு தகடும் திரும்ப, நூறு வருஷம் தாங்கிய முன்கட்டை ஒரே நிமிஷத்தில் பிளந்துவிடும். ஆகவே முதலில் மூக்குக் கவசம், பிறகு முன்கட்டை, கடைசியில்தான் பின்கட்டை. போல்ட்டையும் இஷ்டம்போல் மாற்றிப் போடலாகாது. ஒவ்வொரு போல்ட்டும் அதனதன் பாடிக்கென்று இழைத்துப் பொருத்தப்பட்டது. அதற்கு அடையாளமாகப் பாடியில் உள்ள எண்ணே போல்ட்டின் கைப்பிடியிலும் வெட்டப்பட்டிருக்கும்.

வெளியிலே கடல் உப்பென்றால் குழலுக்குள்ளே வேறோர் உப்பு. பழைய தோட்டாவின் கேப்பில் இருந்த பொட்டாசியம் குளோரேட்டு வெடித்தபின் பொட்டாசியம் குளோரைடாகக் குழலில் படியும். சமையல் உப்பின் உடன்பிறப்பான அது காற்றின் ஈரத்தை இழுத்துக்கொண்டு ஓரிரு இரவுகளில் எஃகைக் கடித்துவிடும். எண்ணெய் உப்பைக் கரைக்காது, தண்ணீர்தான் கரைக்கும். அதனால்தான் சுட்டு முடித்த துப்பாக்கியின் குழலில் புனல் வைத்துக் கொதிநீர் ஊற்றி, சூடு ஆறுமுன் புல்த்ரூ என்னும் கயிற்றில் பிளானல் துணி கோத்து இழுத்து, அதன் பிறகே எண்ணெய் விடச் சொன்னார்கள். இந்தப் புல்த்ரூவும் பித்தளை எண்ணெய்க் குப்பியும் பின்கட்டையின் வயிற்றிலேயே பத்திரமாக இருக்கும். கொதிநீரைச் சோம்பல்பட்டு விட்டவன் எத்தனை எண்ணெய் பூசியிருந்தாலும், குழலை வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பார்த்தால் அம்மைத் தழும்புகள் காட்டிக்கொடுத்துவிடும். அந்தத் தழும்புகளைப் போக்க மார்க்கமில்லை.

வெளிப்புறத் துருவிலே இரண்டு ஜாதி. சிவந்து பொடியாக உதிர்வது உயிருள்ள துரு. அதை நிறுத்தியாக வேண்டும். கறுத்துக் கெட்டிப்பட்டுப் போனது அடங்கிய துரு. அதைத் தொடாமலிருப்பதே உத்தமம். சிவப்புத் துரு பிடித்த பாகத்தைச் சுத்தமான நீரில் கொதிக்க விட்டால் அது கறுப்பாக மாறும். மெல்லிய பிரஷ்ஷால் பொடியைத் துடைத்து எண்ணெயிட்டால் வேலை முடிந்தது. இதற்குப் பொறுமையற்று எமரித் தாளை எடுப்பவர்களைக் கண்டால் எனக்கு மனம் பதறும். “கண்ணாடி மாதிரி மின்ன வேண்டாமா?” என்று கேட்ட மேலதிகாரிகளும் உண்டு. பளபளப்பு என்பது எஃகின் மேல்தோலைச் சீவி எடுத்ததன் பலன். அந்தத் தோலில்தான் எழுத்து இருக்கிறது.

எத்தகைய எழுத்து என்றால், கைப்பிடிக் கழுத்தின் வலப்புறத்தில் ஒரு கிரீடம், அதன் கீழே ஜார்ஜ் சக்கரவர்த்தியின் முதலெழுத்துக்கள், ஆலையின் பெயர், வருஷம், மார்க்கு. சுதந்தரத்துக்குப் பிறகு இச்சாப்பூரில் செய்தவற்றில் கிரீடம் இருந்த இடத்தில் அசோகச் சிங்கங்கள் வந்து அமர்ந்தன. போல்ட்டு மாற்றப்பட்டிருந்தால் பழைய எண்ணைக் கோடிட்டு அடித்துப் புது எண் பொறித்திருப்பார்கள். முன்கட்டையில் குறுக்கே ஒரு திருகாணி பாய்ந்திருந்தால் அது இச்சாப்பூரின் பலப்படுத்தும் வேலை. செப்புக் கம்பி இறுகச் சுற்றியிருந்தால், கையெறி குண்டைத் தூர எறிவதற்குப் பயன்பட்டது. குழலின் வரிகளை நீக்கி, .410 அளவுக்கு அகலப்படுத்தி, மேகசினில் மரக்கட்டையை அடைத்து, ஒரு முறைக்கு ஒரே தோட்டா என்று முடக்கி நம்மவர் கையில் கொடுத்த மஸ்கெட்டுகளும் உண்டு. ஆளப்படுகிறவன் கையில் எவ்வளவு பலத்தைத் தரலாம் என்று ஆள்கிறவன் போட்ட கணக்கு அந்த மரக்கட்டையில் இருக்கிறது.

நம்மைச் சுட்ட கருவிக்கு இத்தனை சிசுருஷை எதற்கு என்று கேட்பவர்கள் இல்லாமலில்லை. 1919 ஏப்ரல் 13 அன்று ஜாலியன்வாலாபாகில் 1,650 தடவை வெடித்தது இந்த ரகத் தோட்டாதான். பிற்பாடு 2008-ல் பம்பாய் ரயில் நிலையத்தில் பயங்கரவாதிகளின் இயந்திரத் துப்பாக்கிகளுக்கு எதிரே நம் போலீஸ்காரர்கள் தூக்கி நின்றதும் இதையேதான். உத்தரப் பிரதேசப் போலீஸார் 2020 குடியரசு தினத்தன்றுதான் இதற்கு விடைகொடுத்தார்கள். நல்லதும் கெட்டதுமான இந்த உத்தியோகத்தையெல்லாம் அழித்துவிட்டு, எந்தக் காலத்தையும் சேராத ஒரு மினுமினுப்பைக் கண்ணாடிப் பெட்டிக்குள் வைப்பது, என் அபிப்பிராயத்தில், பொய் சாட்சியம் உண்டாக்குவதற்குச் சமானம்.

கட்டையைப் பற்றியும் சிறிது சொல்ல வேண்டும். வார்னிஷ் கூடவே கூடாது. வருஷக்கணக்கில் எண்ணெய் ஊறிக் கறுத்துப்போன மரத்தின்மேல் சீமைச் சுண்ணாம்புத் தூளைக் குழைத்து அப்பிக் காயவிட்டால் எண்ணெயை உறிஞ்சிக்கொள்ளும். பிறகு ஆளிவிதை எண்ணெயை உள்ளங்கையால் மெல்லியதாகத் தேய்த்து, ஒரு பூச்சு நன்றாக உலர்ந்த பின்பே அடுத்ததைக் கொடுக்க வேண்டும். ஐப்பசி கார்த்திகையில் இது லேசில் உலராது. சித்திரை வெயிலிலோ வேறோர் ஆபத்து: ஆளிவிதை எண்ணெய் நனைந்த துணியைக் கசக்கி மூலையில் போட்டால் தானே சூடேறித் தீப்பற்றக்கூடும்; தண்ணீரில் முக்கி விரித்துப் போட வேண்டும்.

எல்லாம் பூட்டியான பிறகு ரிஜிஸ்தர் வரும். பாடியின் எண், போல்ட்டின் எண், குழலின் எண் மூன்றையும் படித்துத் தனித்தனியே எழுதுகிறேன். ஒத்துப்போகாவிட்டால் ஒத்துப்போகவில்லை என்றும் அதே பக்கத்தில் எழுதிக் கையெழுத்திடுகிறேன்.