பாறைக்குள் ஒன்றரை மைக்ரான்

முதலில் ஒரு உண்மையைச் சொல்லிடறேன். போன செமஸ்டர் மாஸ் டிரான்ஸ்ஃபர் லேபில், அசிட்டோன் ஆவி காற்றில் எவ்வளவு வேகமாகப் பரவுகிறது என்று அளக்கச் சொன்னார்கள். மெல்லிய கண்ணாடிக் குழாயில் அசிட்டோனை ஊற்றி, மட்டம் இறங்க இறங்க நேரத்தோடு குறிக்கணும். அது மில்லிமீட்டர் கணக்கில்தான் இறங்கும். யாருக்குப் பொறுமை? இரண்டு ரீடிங் எடுத்தேன். மீதி நாலும் சீனியர் ரெக்கார்டு உபயம். கிராஃபில் கோடு ஸ்கேல் வைத்த மாதிரி வந்தது. சிரிக்காதீங்க, நீங்களும் செஞ்சிருப்பீங்க.

வைவாவில் மேடம் கேட்டது ஒரே கேள்வி: "வாட்டர் பாத் டெம்பரேச்சர் எவ்வளவு?" முழித்தேன். சீனியரும் அதை எழுதியிருக்கவில்லை. "கல்லுக்குள்ள ஆக்சிஜன் நகர்றதையே அளந்திருக்காங்க, உனக்கு அசிட்டோன் கஷ்டமா?" என்றார். மார்க் போனதைவிட அதுதான் உறுத்தியது. தேடிப் படித்தேன்.

அமெரிக்காவின் பிரவுன் பல்கலைக்கழகத்தில் புரூனோ ஜிலெட்டியும் கூட்டாளிகளும் 1978-ல் ஃபெல்ட்ஸ்பார் கனிமத்தில் அளந்து வெளியிட்ட வேலை அது. சிக்கலைப் பாருங்க: ஃபெல்ட்ஸ்பாரில் 13 அணுவுக்கு 8 அணு ஏற்கெனவே ஆக்சிஜன். புதுசா உள்ளே வந்தது எது என்று எப்படித் தெரியும்? அதற்குத்தான் ஆக்சிஜன்-18. இயற்கையில் அது வெறும் 0.2 சதவீதம். அது செறிந்த தண்ணீரில் படிகத்தைப் போட்டு, அழுத்தத்தில் சூடேற்றுகிறார்கள். பிறகு அயனிக் கற்றையால் மேற்பரப்பை அணு அணுவாகச் சுரண்டி, எந்த ஆழத்தில் எவ்வளவு ஆக்சிஜன்-18 என்று எண்ணுகிறார்கள். அந்த வளைவு, நாம் பரீட்சைக்கு மனப்பாடம் பண்ணும் அதே எரர் ஃபங்ஷன்!

அனார்த்தைட் என்ற ஃபெல்ட்ஸ்பாருக்கு அவர்கள் தந்த எண்களைப் போட்டு நானே கணக்குப் பார்த்தேன். 600 டிகிரியில் ஒரு வாரம் வைத்தால் ஆக்சிஜன் நகரும் தூரம் சுமார் ஒன்றரை மைக்ரான். நம்ம தலைமுடியின் தடிமனில் அது சின்னப் பங்கு. பாறை குளிரும்போது எந்த வெப்பநிலையில் ஆக்சிஜன் நகர்வது நின்றுபோனது என்று கணக்கிட இந்த எண்கள்தான் ஆதாரம்.

என்னை உட்கார வைத்தது இன்னொரு விஷயம். பின்னாளில் சிலர் தண்ணீரே இல்லாமல் அளந்தபோது, ஆக்சிஜன் பல மடங்கு மெதுவாக நகர்ந்தது. அதே கனிமம், அதே சூடுதான். "தண்ணீர் இருந்தது" என்று எழுதாமல் விட்டிருந்தால்?

அடுத்த வாரம் லேப் அண்ணாகிட்ட கெஞ்சி அதே குழாயை மறுபடி வைத்தேன். மூன்று மணி நேரம், ஆறு ரீடிங். ஐந்தாவது புள்ளி கோட்டைவிட்டுத் தள்ளி நிற்கிறது. அந்த நேரத்தில் யாரோ ஃபேன் போட்டாங்க. ரெக்கார்டில் அதையும் எழுதியிருக்கேன்.