காத்து கொஞ்சம் இறக்குடா!

டயர்னா கறுப்பா இருக்கும், ரவுண்டா இருக்கும், காத்து அடிச்சா ஓடும். அதுக்கு மேல அதுல என்ன இருக்குன்னு நினைச்சுக்கிட்டிருந்த ஆள்தான் நான். அந்த நினைப்புக்கு விலை கொடுத்தது நானில்லை, என் ரூம்மேட். ஒரு தோள் எலும்பு, அஞ்சு பேப்பர்!

கோயம்புத்தூர்ல இன்ஜினீயரிங் மூணாவது வருஷம் படிக்கும்போது, வீட்ல கெஞ்சிக் கூத்தாடி கியர் வெச்ச மவுன்டன் பைக் ஒண்ணு வாங்கினேன். காலையில மருதமலை ரோடு, சிறுவாணி ரோடுன்னு சுத்துவோம். ரூம்மேட்கிட்ட அவன் மாமா கொடுத்த பழைய சைக்கிள். டயர் முழுக்க முட்டு முட்டா ரப்பர் கட்டைங்க. தார் ரோட்டுல 'கிர்ர்ர்'னு சத்தம் போட்டுக்கிட்டு பின்னாடி வருவான். "டேய், டிராக்டர் வருது... வழி விடுங்கடா!"ன்னு ஓட்டுவோம். பதிலுக்கு சிரிப்பான், அவ்வளவுதான்.

நான் ஒருபடி மேல போய், மெஸ் காசுல மிச்சம் பிடிச்சு டயரையே மாத்தினேன். நடுவுல வழவழன்னு இருக்கும், ஓரத்துல மட்டும் குட்டிக் குட்டிக் கட்டை. தார் ரோட்டுல சும்மா பறந்துச்சு.

ரூம்மேட்டுக்கு சொந்த ஊர் கோத்தகிரி பக்கம். நவம்பர்ல ஒரு சனிக்கிழமை, செமஸ்டருக்கு ஒன்பது நாள் இருக்கும்போது, "ஸ்டடி லீவ்ல மூளைக்கு ரெஸ்ட் வேணும் மச்சி"ன்னு நான்தான் கிளப்பினேன். மேட்டுப்பாளையத்துல ஒரு பிக்கப் வண்டியில ரெண்டு சைக்கிளையும் ஏத்திக்கிட்டு மேல போயிட்டோம்.

நீலகிரியில மழை எல்லா இடத்திலும் ஒரே நேரத்துல வராது. கூடலூர் பக்கம் ஜூன்ல ஆரம்பிக்கிற தென்மேற்குப் பருவமழை வெளுத்து வாங்கும். குன்னூர், கோத்தகிரிக்கு அக்டோபர், நவம்பர்ல வர்ற வடகிழக்கு மழைதான் பெரிய மழை. நாங்க போன அன்னைக்கு முந்தின ராத்திரி முழுக்கப் பேஞ்சிருந்துச்சு. தேயிலைத் தோட்டத்து செம்மண் பாதை, அல்வா மாதிரி பளபளன்னு கிடந்துச்சு.

கிளம்பும்போது பெரிய மனசு பண்றதா நினைச்சு, "இன்னைக்கு நீ என் சைக்கிளை ஓட்டுடா, புது டயர்"னு கொடுத்தேன். டயர் ஓரத்துல 65 பிஎஸ்ஐ வரைக்கும் அடிக்கலாம்னு போட்டிருந்துச்சு. நான் 60 அடிச்சு கல்லு மாதிரி ஆக்கிவெச்சேன். அவன் கட்டைவிரலால டயரை அழுத்திப் பார்த்துட்டு, "மழை பேஞ்சிருக்குடா... இது வழுக்காதா? காத்தாவது கொஞ்சம் இறக்குடா"ன்னான். "டயர்லயே எழுதியிருக்கு, நீ சும்மா வா!"ன்னேன்.

அந்த மண்ணுலயே பிறந்து வளர்ந்தவன் கேட்ட கேள்விக்கு நான் சொன்ன பதில் பாருங்க.

மூணாவது வளைவு. லேசாத்தான் திரும்பினான். முன் சக்கரம் வழுக்கிட்டு ஓரமா போச்சு. அவன் வலது தோள் தரையில மோதின சத்தம் இன்னும் என் காதுல இருக்கு. அதே வளைவுல, அதே வேகத்துல, 'டிராக்டர்' டயர்ல பின்னாடி வந்த நான் சும்மா நின்னேன். ஒரு சிராய்ப்பு இல்லை.

காறை எலும்பு முறிஞ்சிருந்துச்சு. கையைத் தொட்டில் கட்டி ஆறு வாரம் அசைக்கக் கூடாதுன்னுட்டாங்க. வலது கை... எங்கேர்ந்து பரீட்சை எழுதறது? அஞ்சு பேப்பரும் ஆப்சென்ட். எங்க கணக்குல ஆப்சென்ட்னாலும் அரியர்தான்.

ஆஸ்பத்திரியில இருந்து அவனை வீட்டுக்குக் கூட்டிட்டுப் போனோம். அவங்க அம்மா திட்டுவாங்கன்னு பயந்துக்கிட்டே உட்கார்ந்திருந்தேன். டீயும் வர்க்கியும் கொண்டுவந்து வெச்சாங்க. என் சேறு படிஞ்ச ஷூவைப் பார்த்துட்டு, "மழை மண்ணுல நாங்க செருப்பே போட மாட்டோம் தம்பி. வெறுங்கால்ல விரலை ஊணி ஊணித்தான் இறங்குவோம்"னாங்க. அவ்வளவுதான். திட்டியிருந்தாக்கூட அப்படி வலிச்சிருக்காது.

அந்த ஒரு வரி எனக்குள்ள சுத்திக்கிட்டே இருந்துச்சு. மவுன்டன் பைக் டயரைப் பத்தி அதுக்கப்புறம் நான் படிச்சது, கடைக்கார அண்ணன்கிட்ட கேட்டது எல்லாமே அந்த ஒரு வரிக்கு விளக்கவுரைதான்.

டயர்ல இருக்கிற கட்டைங்கதான் விரல். சேத்துல விரல் நீளமா, இடைவெளி விட்டு இருக்கணும். நீளமா இருந்தாத்தான் மேல இருக்கிற கொழகொழப்பைத் தாண்டி கெட்டி மண்ணுல ஊணும். இடைவெளி இருந்தாத்தான் ஒட்டின சேறு சக்கரம் சுத்தும்போது உதறி விழும். இல்லேன்னா ரெண்டே நிமிஷத்துல டயர் முழுக்க களிமண் பூசி வழவழன்னு ஆயிடும். என் டயர் வாங்கும்போதே அப்படித்தான் இருந்துச்சு! சேத்து டயரை அகலம் கம்மியாவும் செய்வாங்க. கிழிச்சு உள்ளே இறங்கும், ஃபிரேமுக்கு நடுவுல சேறு அடைக்காது.

அதுக்காக வருஷம் முழுக்க அதையே போட்டா வேஸ்ட். பிப்ரவரியில அதே பாதை காஞ்சு சிமென்ட் தரை மாதிரி ஆயிடும். அதுல நீளமான கட்டைங்க வளைஞ்சு நெளியும், பிடிப்பும் போகும், கால் வலியும் வரும். கெட்டி மண்ணுக்கு குட்டைக் கட்டை, நெருக்கமா இருக்கணும். பொடி மண்ணு, சரளைக்கல்லுன்னா நடுத்தர உயரம். ஓரத்துல மட்டும் நல்ல கெட்டிக் கட்டை வேணும். ஏன்னா, சைக்கிள் சாயும்போது ஓரம்தான் தரையைத் தொடும். பாறை, வேர் இருக்கிற பாதைக்கு அகலமான டயர், மெத்துனு ரப்பர், தடிமனான பக்கச்சுவர். சாஃப்ட் ரப்பர் ஈரப் பாறையில நல்லா ஒட்டும். ஆனா, சீக்கிரம் தேயும், பர்ஸும் சேர்ந்து தேயும்.

கையில ஒரு டயருக்குத்தான் காசு இருக்கா? முன்னாடி சக்கரத்துக்கு வாங்குங்க பாஸ். பின் சக்கரம் வழுக்கினா உடம்பை வளைச்சு சமாளிச்சிடலாம். முன் சக்கரம் போச்சுன்னா, யோசிக்கறதுக்குள்ள தரையில கிடப்பீங்க. என் ரூம்மேட்டுக்கு நடந்தது அதான். அதனால முன்னாடி பிடிப்பு, பின்னாடி வேகம். அப்புறம், டயர் பக்கத்துல 54-584னு மாதிரி நம்பர் இருக்கும். முதல் நம்பர் அகலம், ரெண்டாவது ரிம்மோட விட்டம், ரெண்டுமே மில்லிமீட்டர்ல. 584ன்னா 27.5 இஞ்ச், 559ன்னா 26 இஞ்ச், 622ன்னா 29 இஞ்ச். ரெண்டாவது நம்பர் மேட்ச் ஆகலைன்னா டயர் மாட்டவே மாட்டாது.

பைசா செலவில்லாத விஷயம் ஒண்ணு இருக்கு. காத்து! டயர்ல எழுதியிருக்கிறது அதிகபட்ச அளவு. அவ்வளவு அடிச்சே ஆகணும்னு அர்த்தமில்லை. ட்யூப் போட்ட டயர்ல 60 கிலோ ஆள் மண் பாதைக்கு 30, 35 பிஎஸ்ஐ-ல ஆரம்பிச்சுப் பார்க்கலாம். பின் சக்கரத்து மேல வெயிட் ஜாஸ்தி, அதுக்கு ரெண்டு மூணு கூட. காத்து கம்மியானா டயர் தரையோட மேடு பள்ளத்துக்கு ஏத்த மாதிரி படியும். ரொம்ப இறக்கினா கல்லுல மோதி ரிம்முக்கும் தரைக்கும் நடுவுல ட்யூப் நசுங்கி, ரெண்டு பல்லு பதிஞ்ச மாதிரி ஓட்டை விழும். அதுக்குப் பேரே பாம்புக்கடி!

மவுன்டன் பைக் பிறந்த கதையே தடி டயர்ல ஆரம்பிக்கிறதுதான். அமெரிக்காவுல ஷ்வின் கம்பெனி 1933-ல பலூன் டயர் வெச்ச சைக்கிள் கொண்டுவந்துச்சு. நாற்பது வருஷம் கழிச்சு கலிஃபோர்னியா பசங்க அந்த மாதிரி ஓட்டை சைக்கிள்களைத் தேடிப் பிடிச்சு மலை மேல தள்ளிட்டுப் போய் இறங்கினாங்க. 1976 அக்டோபர்ல 'ரீபேக்'னு ரேஸே வெச்சாங்க. ஒருதடவை இறங்கினா பிரேக்ல இருக்கிற கிரீஸ் சூட்டுல உருகிப் போயிடும், மறுபடி அடைக்கணும். அதனால அந்தப் பேர். ஜோ பிரீஸ், கேரி ஃபிஷர் எல்லாம் அங்கேர்ந்து வந்தவங்கதான். அந்தப் பழைய சைக்கிளைத் தேடி எடுத்ததுக்கு முக்கிய காரணமே மலை மண்ணுல பிடிச்சு நிக்கிற தடி டயர். எங்க ஹாஸ்டல்ல நான் 'டிராக்டர்'னு கிண்டல் பண்ணினேனே, அதோட வம்சம்!

ரூம்மேட் அஞ்சு அரியரையும் அடுத்த செமஸ்டர்லயே கிளியர் பண்ணிட்டான், பதினொரு பேப்பர் ஒண்ணா எழுதி. ஆனா, கேம்பஸுக்கு முதல்ல வந்த கம்பெனி 'அரியர் ஹிஸ்டரியே இருக்கக் கூடாது'ன்னுடுச்சு. எங்க கிளாஸ்ல கோடிங்ல கெட்டிக்காரன் அவன். லிஸ்ட்ல அவன் பேர் இல்லை, என் பேர் இருந்துச்சு. அன்னைக்கு ராத்திரி சாப்பிடாம படுத்திருந்த என்னை எழுப்பி, "வாடா, பரோட்டா ஆறிடும்"னு கூட்டிட்டுப் போனது அவன்தான். டிசம்பர்ல அவனுக்கும் வேற கம்பெனியில வேலை கிடைச்சது. அதுக்கப்புறம்தான் எனக்கு ஒழுங்கா தூக்கம் வந்துச்சு.

இந்த பிப்ரவரியில மறுபடி கோத்தகிரி போனோம். தோட்டத்துக்காரர்கிட்ட முறையா கேட்டுக்கிட்டு, பாதை நல்லா காஞ்சிருக்கிற நாளாப் பார்த்து. இப்பல்லாம் ஈரமான பாதையில நாங்க இறங்கறதில்லை. விழுவோம்கிறது ஒரு பக்கம்னா, டயர் கிழிச்ச தடத்துல மழைத்தண்ணி ஓடி பாதையே அரிச்சுப் போயிடும். அதே பாதையிலதான் கொழுந்து பறிக்கிற அக்காங்க தினமும் நடக்கறாங்க.

குட்டைக் கட்டை டயர் மாட்டி, 35 அடிச்சுவெச்சிருந்தேன். கிளம்பறதுக்கு முன்னாடி சைக்கிளை அவன்கிட்ட நீட்டி, "பார்த்துச் சொல்லு"ன்னேன். குனிஞ்சு கட்டைவிரலால டயரை அழுத்தினான். அப்புறம் பாதையைப் பார்த்தான்.

"காத்து கொஞ்சம் இறக்குடா."

இறக்கினேன்.